ஏறவும் இறங்கவும் ஒரே வழி

1996 நவம்பர் 12, மாலை ஆறரை மணி. டெல்லியிலிருந்து சவூதி விமான நிறுவனத்தின் போயிங் 747 கிளம்பியது. உள்ளே 312 பேர். பயணிகளில் பலர் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன இந்தியத் தொழிலாளர்கள். அதே வேளையில் கஜகஸ்தானிலிருந்து 37 பேருடன் வந்த இல்யூஷின் 76 டெல்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான். டெல்லியைச் சுற்றிய வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்ததால், மிச்சமிருந்த குறுகிய வழியிலேயே பயணிகள் விமானங்கள் போகவும் வரவும் வேண்டியிருந்தது. ஏறும் விமானம் 14,000 அடியைத் தாண்டக் கூடாது. இறங்கும் விமானம் 15,000 அடிக்குக் கீழே வரக் கூடாது. நடுவில் ஆயிரம் அடி. வேறு பாதுகாப்பு இல்லை.

அந்த ஆயிரம் அடி உண்மையில் இருக்கிறதா என்பதைக் கட்டுப்பாட்டாளர் பார்க்க முடியாது. அன்றைய டெல்லி ரேடாரில் விமானம் இருக்கும் இடம் தெரியும், உயரம் தெரியாது. விமானத்திலிருந்து சொல்வதை நம்ப வேண்டியதுதான். எதிரே போயிங் வருவதை அவர் கஜக் விமானத்துக்கு எச்சரித்தார், தூரத்தையும் சொன்னார். பதிலும் வந்தது. ஆனால் விமானம் 15,000 அடியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. பதில் சொன்ன ரேடியோ இயக்குநரின் முன்னால் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால்தான் உண்டு. தவறை உணர்ந்து அவர் ஏறச் சொன்னபோது சில நொடிகளே பாக்கி.

ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வயல்களில் சிதறின இரண்டும். 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி ஆர்.சி.லஹோட்டி தலைமையிலான விசாரணை, கஜக் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்தை விட்டு இறங்கியதே காரணம் என்றது. அதன் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வழிகள் பிரிந்தன. உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. அமெரிக்காவில் 1993 முடிவதற்குள் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாகிவிட்ட டிகேஸ் கருவி இங்கும் கட்டாயமானது. எதிரே வரும் விமானத்தில் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரிடமே கேட்டு உயரத்தை அறிந்து, மோதும் நிலை வந்தால் ஒரு விமானியை ஏறவும் மற்றவரை இறங்கவும் சொல்லும் கருவி அது.

ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடிக்குள் அது அப்படிக் கட்டளையிடாது. கிளம்பிய முதல் கணங்கள் இன்றும் மனிதர்களின் பொறுப்பில்தான். 2022 ஜனவரி 7 அன்று பெங்களூருவில் இணையான இரு ஓடுபாதைகளிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்ப அனுமதி பெற்ற இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின. ரேடார் முன் இருந்த கட்டுப்பாட்டாளர் கவனித்து, இரண்டையும் வெவ்வேறு திசைகளில் திருப்பிவிட்டார்.