பெயர் பொறித்த சிற்பியர்: மைக்கேலாஞ்சலோவும் விருத்தகிரி ஆசாரியரும்

செந்துறையில் புகைவண்டி ஏறி வடக்கு நோக்கிச் செல்வோர் வெள்ளாற்றைக் கடந்து, பெண்ணாகடம் வழியாகச் சிறிது பொழுதில் விருத்தாசலம் அடைவர். செந்துறை வட்டாரம் சுண்ணாம்புப் பாறை நிலம். பண்டைக் கடலுயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கும் மண். சிலை வடிக்கும் கருங்கல்லுக்கு உரிய நிலமன்று. ஆயினும் இதனைச் சூழக் கற்றளிகள் பல ஓங்கி நிற்கின்றன. வடக்கே திருமுதுகுன்றம், கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம், அதற்கும் அப்பால் தில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேசுர அனுக்கிரக மூர்த்தியைக் கண்டோர், இதனைச் செய்த கை எவருடையது என்று வினவாமல் மீள்வதில்லை. அவ்வினாவிற்கு நாம் இறுக்கும் விடை ஒன்றே: மேலைநாட்டுச் சிற்பி தன் பெயரை நிலைநிறுத்தினான், நம் சிற்பி பணிவால் பெயரை மறைத்துக்கொண்டான். யாமும் பல்லாண்டு வகுப்பறையில் இவ்வாறே உரைத்து வந்தோம். அஃது ஆராயாது கூறிய கூற்று என்பதை இங்குக் காட்ட விழைகின்றோம்.

முதலில் மேலைநாட்டுச் செய்தியைக் காண்போம். இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தின் தலையாய சிற்பியும் ஓவியனுமாகிய மைக்கேலாஞ்சலோ 1475இல் காப்ரெசி என்னும் சிற்றூரில் பிறந்து 1564இல் உரோமையில் மறைந்தவர். இறந்த மகனை மடியில் ஏந்திய மரியாளின் சிலையை 1498-99இல் செய்தார். அன்னையின் மார்பிற் குறுக்கே செல்லும் கச்சையில் தம் பெயரைப் பொறித்தார். அவர் பெயர் பொறித்த சிற்பம் அஃது ஒன்றே. தாவீதின் சிலையிலும் பெயர் இல்லை. மோசேயின் சிலையிலும் இல்லை. ஆகவே அவர் புகழ் கல்லில் வெட்டிய எழுத்தால் நின்றதன்று. அவர் உயிரோடிருந்தபோதே, 1550இல், வசாரி என்பார் கலைஞர் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1553இல் கொண்டிவி தனியே ஒரு வரலாறு எழுதினார். கல் உரையாததை ஏடு உரைத்தது.

இனித் தில்லைக்கு வருவோம். அங்குள்ள வடக்குக் கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் (1509-1529) தம் வடதிசை வெற்றிக்குப் பின் எழுப்பினார் என்று கல்வெட்டுக் கூறும். கீழ்ப்பகுதி முற்பட்டது என்பாரும் உளர்; பணி முற்றுப்பெற்றது அவர் காலத்திலேயே எனக் கொள்ளலாம். அக்கோபுர வாயிலில் மன்னர் சிலை நிற்கின்றது. அதனை யாவரும் அறிவர். அவ்வாயிற் சுவரிலேயே பணி செய்த ஆசாரியர் நால்வரின் உருவங்களும் அவர்தம் பெயர்களும் உள்ளன. ஒருவர் விருத்தகிரிச் சேவகப்பெருமாள். அடுத்தவர் அவர் மகன் விசுவமுத்து. மூன்றாமவர் திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன். நான்காமவர் அவர் தம்பி காரணாசாரி. (முதற்பெயரைக் கேசவப்பெருமாள் என்று எழுதுவாரும் உளர்.) விருத்தகிரி என்பது திருமுதுகுன்றத்தின் வடமொழிப் பெயர்; இன்றைய விருத்தாசலமே அது. மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் திருக்கூடத்தின் விதானத்தில் ஓவியம் எழுதியது 1508 முதல் 1512 வரை. ஏறத்தாழ அக்காலத்திலேயே வெள்ளாற்றுக்கு வடகரை ஊரினர் தில்லையில் தம் உருவையும் பெயரையும் கல்லில் வைத்தனர். பணிவால் பெயரை மறைத்தவர் செயலா இது?

இந்நால்வர் சான்று தனித்ததும் அன்று. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிப் பாறையில் கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன் முதலிய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில், இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனுக்குப் பங்கு ஒன்றும், நித்தவினோதப் பெருந்தச்சனுக்கும் கண்டராதித்தப் பெருந்தச்சனுக்கும் முக்கால் பங்கும் வகுத்தளிக்கின்றது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தளிச்சேரிப் பெண்டிர் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது இவ்வளவே. குஞ்சரமல்லனே பெரிய கோயிலை வகுத்தவன் என்று இக்கல்வெட்டைக் கொண்டு பலர் துணிந்துரைப்பர். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. அவனுக்கு உரிய சம்பளத்தையே கூறுகின்றது. விருப்பம் சான்றாகாது.

கலைக்கொள்கையிலும் இரு நிலத்தார்க்கும் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று உண்டு. ஓவியமோ சிற்பமோ சிறந்தது என வார்க்கி என்னும் அறிஞர் வினவியபோது, ஓவியம் புடைப்புருவை நெருங்குமளவிற்கே நன்று என மைக்கேலாஞ்சலோ 1547இல் மடல் எழுதினார். நம் சிற்ப நூல்கள் முழுவுருவச் சிலையைச் சித்திரம் என்றும், ஒருபுறம் மட்டும் புடைத்ததை அர்த்தசித்திரம் என்றும், சுவரில் எழுதியதைச் சித்திராபாசம், அதாவது சித்திரம் போலத் தோன்றுவது, என்றும் வகுக்கும். ஒருவரையொருவர் அறியாத இருசாராரும் சிலையையே அளவுகோலாகக் கொண்டமை எண்ணத்தக்கது.

பின் வேறுபாடு எங்கே? பெயரில் இல்லை, எழுதினவரில் உள்ளது. தாம் எவரிடமும் கற்கவில்லை என்பதுபோல் மைக்கேலாஞ்சலோ முதுமையில் கூறிக்கொண்டார். கொண்டிவியும் அவ்வாறே எழுதினார். வசாரி அதனை ஏற்கவில்லை. 1568இல் வந்த தம் இரண்டாம் பதிப்பில், கிர்லாந்தாயோ என்னும் ஓவியரின் பழங்கணக்கேட்டை எடுத்துக்காட்டினார். 1488 ஏப்ரல் முதல் நாள், பதின்மூன்று அகவைச் சிறுவன் மைக்கேலாஞ்சலோவை அவன் தந்தை மூன்றாண்டுப் பயிற்சிக்கு விட்டதும், அதற்கு மொத்தம் 24 பிளாரின் பேசப்பட்டதும் அதில் பதிவாகியிருந்தன. அப்பட்டறையும் உடன்பிறந்தார் நடத்தியதே. திருமருங்கனும் காரணாசாரியும் நடத்தியது போல.

கணக்கேடு நம்மிடமும் இருந்தது, கல்லிலேயே இருந்தது. அதை வரலாறாக்கும் புலவர் இலர். நெடுநல்வாடை அரண்மனை வகுத்தாரைப் புலவர் என்ற சொல்லாலேயே சுட்டுகின்றது; ஆயினும் பெயர் கூறவில்லை. மணிமேகலை மகதத்தாரையும் மராட்டரையும் யவனத் தச்சரையும் தமிழ் வினைஞரோடு சேர்த்து எண்ணுகின்றது. ஆங்கும் நாடு உண்டு, ஆள் இல்லை. சிற்ப நூல்களோ அளவு கூறும்; அளந்தவனைக் கூறா. புரவலர்மீது கலம்பகமும் உலாவும் பாடிய மரபினர், கோபுரம் எழுப்பிய ஆசாரிமீது ஒரு தனிப்பாடலேனும் பாடினாரா என்பதைத் தேடுவது தமிழ்த்துறையின் கடமை. மறைத்தவர் சிற்பியர் அல்லர் என்றால், குறை நம் மரபின்மேலதாகின்றது.

தேடத் தொடங்குவதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. முதுகுன்றத்துக் கோயிலிலும், வெள்ளாற்றின் இருகரை ஊர்க் கோயில்களிலும் உள்ள கல்வெட்டுக்களில் தச்சர், ஆசாரி எனவரும் பெயர்களை ஆண்டு முறையில் தொகுத்து, விசுவமுத்துவின் வழியினர் எவரேனும் தென்படுகின்றனரா எனக் காண முதுகலை மாணவர் இருவர் முன்வருவாராயின் ஒரு கோடை விடுமுறை போதும்.