குறைமாதக் குழந்தையும் அதன் தாயும்

மாதம் நிறையுமுன் பிறந்துவிட்ட குழந்தையைக் காப்பாற்ற மருத்துவம் மேற்கொண்ட முயற்சிகளைப் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே கூறுவது வழக்கம். அவ்வரலாற்றினுள் மற்றொன்றும் அடங்கியிருக்கிறது. குழந்தையைக் காக்கும் பொருட்டுத் தாயை விலக்கி நிறுத்திய மருத்துவம், நெடுங்காலம் கழித்து அவளையே துணைக்கு அழைக்க நேர்ந்த வரலாறு அது.

பாரிஸ் நகரில் இது தொடங்குகிறது. 1880-ஆம் ஆண்டையொட்டி, ஸ்டெஃபான் தார்னியே என்ற பிரசவ மருத்துவர், மிருகக்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கப் பயன்படும் வெப்பப் பெட்டியைக் கண்டார். குளிர் தாங்காது மடியும் சிறு குழந்தைகளுக்கும் இத்தகைய பெட்டி உதவுமே என்று அவருக்குத் தோன்றிற்று. வெந்நீரால் சூடேறும் பெட்டியொன்று அவரது மருத்துவமனையில் அமைக்கப்பட்டது. 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 66 இறந்த நிலை மாறி, அத்தொகை 38 ஆகக் குறைந்தது.

அவருடைய மாணவர் பியேர் புதேன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வெப்பம், உணவு, நோய்த்தடுப்பு ஆகிய மூன்றுமே குறைமாதக் குழந்தையின் தேவைகள் என்று வகுத்த அவர், தாயையும் மறக்கவில்லை. குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்க்குப் பாலும் வற்றுகிறது, பற்றும் குறைகிறது என்பதைக் கண்டு, அவள் அருகிலிருந்து பாலூட்ட வேண்டுமென வற்புறுத்தினார். 1900-இல் வெளிவந்த அவரது நூலில் இவ்வெச்சரிக்கை இடம்பெற்றது.

உலகம் பெட்டியை ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கையை ஏற்கவில்லை. அமெரிக்காவில் கோனித் தீவின் கேளிக்கைத் திடலில், 1903 முதல் 1943 வரை, மார்ட்டின் கௌனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காட்சி நடத்தினார். காண வந்தோர் கொடுத்த 25 சென்ட் கட்டணமே செவிலியரின் ஊதியத்துக்கும் சிகிச்சைக்கும் பயன்பட்டது. பெற்றோரிடம் அவர் ஒரு காசும் பெறவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன என்பதும் உண்மை. ஆயினும், ஊரார் கூடிக் காணும் குழந்தையைப் பெற்றவளும் கண்ணாடிக்கு அப்பால் நின்றே காண வேண்டியிருந்தது!

பின்னர் மருத்துவமனைகளில் தனிப்பிரிவுகள் தோன்றியபோதும் அக்கண்ணாடி அகலவில்லை. தொற்றுநோய் பரவும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தை வீணென்று சொல்லிவிட முடியாது. நுண்கிருமிகளை அழிக்கும் மருந்துகள் தோன்றாத காலம் அது. ஆனால் காலம் மாறிய பின்னும் வழக்கம் மாறவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், கைகளைத் தூய்மை செய்துகொண்ட தாய்மாரை உள்ளே அனுமதித்துப் பார்த்தனர். தொற்று பெருகவில்லை என்று 1970-இல் அறிவித்தனர்.

திருப்பம் நேர்ந்தது செல்வம் மிக்க நாட்டிலன்று. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. நெரிசலால் தொற்று மிகுந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளும் பலர். 1978-இல் எட்கார் ரேய் சனாப்ரியா என்னும் மருத்துவர், கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல், தாயின் மார்போடு குழந்தையின் உடல் படும்படி அணைத்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். தாயின் உடல் வெப்பமே போதிய வெப்பமாயிற்று. வறுமை காட்டிய வழியை வளமுள்ள நாடுகளும் பின்பற்றலாயின.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், 1995 முதல் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பேணச் செய்தனர். அக்கிராமங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் மரணம் நூற்றுக்கு 62 என்ற அளவில் குறைந்ததாக 1999-இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டிற்று.

பின்னர் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை நடத்தியது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் பங்கு கொண்டது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்கு உட்பட்ட எடையுள்ள குழந்தைகளின் உடல்நிலை சீரடையட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே கங்காரு முறை கையாளப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாய்க்கும் கட்டில் போடப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோர், காத்திருந்த முறையில் நூற்றுக்கு 15.7, உடனே அணைத்த முறையில் 12. இப்பயன் தெளிவானதால் ஆய்வே முன்கூட்டி நிறுத்தப்பட்டது. 2021-இல் முடிவு வெளியாயிற்று.

2017-இல் மத்திய அரசாங்கம், சிகிச்சைப் பிரிவில் பெற்றோரும் பங்கு பெறுவதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இத்தகைய குடும்பங்களுக்குத் தனி ஆதரவு தேவை என்பதை 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரைகளில் சேர்த்தது. எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிட முடிவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. பிறந்தவுடன் குழந்தையை இழந்த மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 60 நாள் தனி விடுப்பு அளிக்கும் ஆணை 2022-இல் பிறந்தது. வெறுங்கையுடன் வீடு திரும்புபவளும் தாயே என்று ஓர் அலுவலக ஆணை ஒப்புக்கொண்டது சிறு செய்தியன்று.

குழந்தைக்குக் கருவி வேண்டும், மருந்து வேண்டும், அதில் ஐயமில்லை. அதனோடு தாய்க்கு ஒரு கட்டிலும், வேளைக்கு உணவும், குழந்தையின் நிலையை ஒளிக்காமல் எடுத்துரைக்கும் ஒரு மருத்துவரும் வேண்டும். அவள் களைத்தபோது குழந்தையை மார்பில் ஏந்தத் தந்தையும் பாட்டியும் முன்வர வேண்டும். இவை இரக்கத்தால் அளிக்கும் சலுகைகள் அல்ல, சிகிச்சையின் பகுதிகளே என்பதை அறிய மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அறிந்ததை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையின் வாசல்வரை கொண்டு சேர்ப்பதே இனி நம் கடமை.