வழிகாட்டி மறைந்தாலும் வழி தெரிய வேண்டும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டிய செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. விந்தியக் காட்டில் தவித்த இராமானுசரை வேடுவத் தம்பதியாக வந்த வரதரும் பெருந்தேவித் தாயாரும் அழைத்துவந்து, தண்ணீர் கேட்டுப் பருகி, மறைந்துவிட்டார்கள் என்பது வைணவ மரபு. துணை மறைந்த பிறகும் அவர் திகைத்து நிற்கவில்லை. கோயில் விமானம் கண்ணில் பட்டது, வந்திருப்பது காஞ்சி என்று தெரிந்துகொண்டார். வழிகாட்டி இல்லாதபோது பார்த்தறிய இன்னோர் அடையாளம் வேண்டும். ஜி.பி.எஸ். வரலாறும் இதையே சொல்கிறது.

அது அமெரிக்க ராணுவம் தனக்காக உருவாக்கியது. 1983இல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் பொதுமக்களுக்கும் ஜி.பி.எஸ். தரப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் குறையில்லாமல் தரவில்லை. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். 2000 மே மாதம் அதை நிறுத்தும்வரை, காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போனது. ராணுவம் நினைத்தால் சிக்னலைக் கெடுக்கலாம் என்பது மட்டுமல்ல, நினைக்காமலும் அது கெட்டுவிடும். 2007 ஜனவரியில் சான் டியேகோ துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் சிக்னல் தடுப்புப் பயிற்சி செய்தபோது, நகரில் சுமார் 2 மணி நேரம் ஜி.பி.எஸ். முடங்கியது. துறைமுகப் போக்குவரத்துக் கண்காணிப்பும் தடுமாறியது. 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல், திருவிழா மேளத்துக்கு நடுவே காதில் சொல்லும் ரகசியம் போன்றது. பக்கத்தில் வலுவான அலைபரப்பி ஒன்று இயங்கினாலே அடங்கிவிடும்.

எதிரி சிக்னலைக் கெடுப்பான் என்றால், நம் ராணுவமும் அதைப் பழகித்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழகட்டும், ஆனால் முன்கூட்டியே சொல்லட்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்னதாகவே சொல்லப்படுகிறது. அந்த ஒழுங்கு சிக்னல் சோதனைக்கும் பொருந்தும். நமக்குத்தான் சொந்தமாக நாவிக் என்ற செயற்கைக்கோள் இடங்காட்டி அமைப்பு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி, ஏவிய 11 செயற்கைக்கோள்களில் இடங்காட்டும் சேவை தந்தவை நான்கே. எண்ணிக்கை கூடினாலும் விண்ணிலிருந்து வரும் எந்தச் சிக்னலும் மெலிந்ததே. ஆகவே தரையிலும் துணை வேண்டும். 2025 நவம்பரில் டெல்லியில் ஜி.பி.எஸ். துணையுடன் இறங்க வந்த சில விமானங்களுக்குப் போலி சிக்னல் வந்தது. யார் அனுப்பினார்கள் என்பது வேறு கேள்வி. வழக்கமான தரைக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பில்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

பழைய கருவி, பராமரிக்கச் செலவு என்று சொல்லி அந்தத் தரைக் கருவிகளை மூடிவிடக் கூடாது. சிக்னல் சோதனை நடக்கும் நாளும் நேரமும் எல்லையும் விமானிக்குத் தெரிவதுபோல, நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் ஜி.பி.எஸ். கருவியை நம்பிக் கடல் எல்லையை அறியும் மீனவருக்கும் தமிழில் தெரிய வேண்டும். அதை அறிவிப்பது அரசின் கடமை, கேட்டுப் பெறுவது நம் உரிமை.