அன்றென்றால் ஐந்து காசு

சென்ற வாரம் உக்கிரன்கோட்டையில் நின்றோம். பாண்டியர் காலத்தில் கரவந்தபுரம் என்று பெயர் பெற்றிருந்த ஊர் அது. மதுரை ஆனைமலையில் கி.பி. 770இல் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுப்பித்த அமைச்சர் மாறன் காரி பிறந்த மண். களக்குடி நாட்டின் கோட்டை அதுவென்றால், அதே நாட்டின் வயலும் குளமும் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. இந்த வாரம் அங்கே போவோம்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் மானூர். கடலும் இல்லை, மலையும் இல்லை, பெரிய ஆறும் ஊரைத் தொட்டு ஓடவில்லை. இருப்பது ஒரு பெரிய குளம். வடக்கே ஏரி என்பார்கள், மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பார்கள், நெல்லைச் சீமையில் அதற்குக் குளம் என்றே பேர். குற்றாலத்தில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாற்றின் தண்ணீர், கால்வாய் வழியாகக் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடைசியில் இங்கே வந்து சேர வேண்டும். மேலே இருக்கிறவர்கள் வயிறு நிறைந்தபின் மிஞ்சுவதுதான் மானூருக்கு. குளம் பெருகினால் பிசான நெல். பெருகாவிட்டால் உளுந்தும் பாசிப்பயறும் வானத்தைப் பார்த்து நிற்கும் மானாவாரியும். ஊரின் சுபாவம் முழுக்க இந்த ஒரு நிச்சயமின்மையில் வளர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

ஊருக்குள் அம்பலவாண சுவாமி கோயில். அங்கே ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. மாறன் சடையன் என்ற பாண்டிய மன்னனின் 35ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 800. அந்தப் பெயரைத் தாங்கிய மன்னர் ஒருவருக்கு மேல் உண்டு என்பதால், இவர் யார் என்று அறிஞர்களிடையே வழக்கு உண்டு. அதில் நாம் இறங்க வேண்டாம். நமக்கு வேண்டியது ஊர்க்காரர்கள் என்ன எழுதிவைத்தார்கள் என்பதுதான்.

வட்டெழுத்தைப் பழகாத கண்ணுக்கு எல்லாமே ஒரே சுழியாகத் தெரியும். பகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரு மயிரிழைதான் வேற்றுமை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அப்படித் தட்டுத்தடுமாறிப் போகும்போது ஓரிடத்தில் சட்டென்று இன்றைய ஊர்க்கூட்டத்தின் குரல் கேட்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அன்று ஊரின் பெயர் மானநிலைநல்லூர். பிராமணர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். நிலத்தில் பங்கு இருந்தால் மகாசபையில் இடம் உண்டு. முதல் தலைமுறைக்கு இது எளிய கணக்கு. இரண்டு மூன்று தலைமுறை போனதும்தான் சிக்கல். ஒருவருக்கு நாலு மகன்கள் என்றால் சபையில் நாலு நாற்காலியா? பங்கை விற்றால்? தானமாகக் கொடுத்தால்? பெண்ணுக்குச் சீதனமாகப் போனால்? கால் பங்குக்காரர், அரைப் பங்குக்காரர், முக்கால் பங்குக்காரர் என்று சபை பிய்ந்துபோகாதா?

சபை கூடியது, தீர்மானம் போட்டது. பங்குடையவரின் பிள்ளைகளில் ஒருவர் மட்டுமே மன்றத்தில் பேசலாம். அவரும் நல்லொழுக்கம் உடையவராக, வேதத்தில் மந்திரப் பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றவராக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய பங்கு, தானமாக வந்த பங்கு, சீதனப் பங்கு எதுவானாலும் ஒருவர்தான். அவருக்குச் சபையில் இடம் என்றால் முழு இடம். கால், அரை, முக்கால் என்ற பேச்சே கூடாது. பங்கை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னும் கடுமை: ஒரு வேதம் முழுவதையும் அதன் பின்னிணைப்புகளான பரிசிட்டங்களோடு கற்றுத் தேறியவரையே அமர்த்த வேண்டும். பணம் மட்டும் கையிலிருந்தால் போதாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது, நான் சொல்லவந்த இடம். இத்தனை தகுதியும் உடையவர், சபையில் உட்கார்ந்துகொண்டு, எது கொண்டுவந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருக்கக்கூடாது. அந்தச் செயலுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர் குத்துக்கால். நடக்கிற காரியத்தின் நடுவே கால் ஊன்றி நிற்பது. அப்படிக் குத்துக்கால் செய்தவரும், அவருக்குப் பக்கம் நின்றவரும், ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிவிட்டுப் போய்விடவும் முடியாது. கட்டியபின்னும் இதே விதிக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

இதைப் படித்தபோது, சில வருடங்களுக்கு முன் நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. வேறொரு குளத்தங்கரை ஊர். பெயர் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். ஆள் இருந்தது, வீட்டுக்கு இவ்வளவு என்று பணமும் பிரித்தாயிற்று. ஒரே ஒருவர் மட்டும் எதைச் சொன்னாலும், “அதெல்லாம் சரிப்பட்டு வராது அண்ணாச்சி” என்றார். வடக்கேயிருந்து வெட்டலாம் என்றால் சரிப்படாது, தெற்கேயிருந்து வெட்டலாம் என்றாலும் சரிப்படாது. மூன்று கூட்டம் அப்படியே கலைந்தது. நாலாவது கூட்டத்துக்கு முன்னால் மழை வந்துவிட்டது. தண்ணீர் கால் நிரம்பி, முள்ளில் மோதி, ரோட்டில் ஏறிப் போனதை ஊரே நின்று பார்த்தது. குளத்துக்குள் விழுந்தது கால்வாசிகூட இல்லை.

கல்வெட்டில் குளத்தைப் பற்றிய பேச்சு இல்லை. இது என் எண்ணம் மட்டுமே. ஆனால் தண்ணீருக்குக் கடைமடையில் காத்துக்கிடக்கும் ஊருக்குத்தான், முடிவெடுக்காமல் கலையும் கூட்டத்தின் விலை தெரியும். மாற்றுக்கருத்தை அவர்கள் தடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றுக்கு மறுப்புச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பதைத்தான் குற்றமாக்கினார்கள்.

பழைய ஊர்ச்சபை, குடவோலை என்றதும் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். முதல் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர்க் கல் அவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. இங்கே குடத்தில் ஓலை போட்டு எடுக்கும் ஏற்பாடு இல்லை. ஆனால் யார் உட்காரலாம் என்பதோடு நிற்காமல், உட்கார்ந்தபின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்ன கல் இது. பாடப்புத்தகம் படித்த பிள்ளைகளுக்கு உத்திரமேரூர் தெரிகிறது, நெல்லையில் பிறந்த பிள்ளைகளுக்கே மானூர் தெரியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அதற்காக இதைக் குடியாட்சி என்று கொண்டாடிவிட முடியாது. வேதம் கற்றவருக்கு மட்டும் திறந்த கதவு அது. உழுதவர், நாற்று நட்டவர், மடை திறந்து நீர் பாய்ச்சியவர் யாருக்கும் அங்கே நாக்கு இல்லை. சீதனமாகப் பங்கு கொண்டுவந்த பெண்ணின் பெயரால் சபையில் ஓர் இடம் உண்டு, அதில் அவள் உட்கார முடியாது. நெல்லை விளைவித்த கைகளைப் பற்றி இந்தக் கல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மானூர்க்காரர்கள் தங்கள் ஊரை அறிவது வேறொரு கதையால். கருவூர்ச் சித்தர் நெல்லைக்கு வந்து, “நெல்லையப்பா” என்று அழைத்தார். பதில் இல்லை. இங்கே எருக்கு முளைக்கட்டும் என்று சபித்துவிட்டு மானூருக்கு வந்துவிட்டார். பிறகு நெல்லையப்பரே தேடி வந்து காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். அதனால் இன்றும் ஆவணி மூலத்துக்கு நெல்லையிலிருந்து சுவாமி இந்த ஊருக்கு எழுந்தருளுகிறார்.

நான் போனது ஆடி மாதம். குளத்துக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெடித்த மண்ணில் குச்சியை ஊன்றி நின்ற பெரியவர், “சித்தரைப் பாக்க வந்தீயளா?” என்று கேட்டார். கல்வெட்டைப் பார்க்க வந்தேன் என்றேன். “கல்லுல என்ன எழுதியிருக்கு?” என்றார். சொன்னேன். ஐந்து காசு என்றதும் குச்சியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “இப்பவும் போடணும்யா” என்றபடி வறண்டு கிடந்த மறுகால் பக்கம் ஆடுகளைத் திருப்பினார்.

(தொடரும்)