ஒரு டாலருக்கு ஒரு மரம்

நம் உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. ஆங்கே மரங்கள் வானளாவ நிற்பதை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில், லாஃபயட் என்றொரு மலை உண்டு. அதன் உயரம் 5,250 அடி அளவே. ஆயினும் அதன் உச்சியில் ஒரு மரமும் இல்லை. பனியும் பேய்க்காற்றும் மரங்களை நிமிர விடுவதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே அவை கூனிக் குறுகி, இடுப்பளவுப் புதர்களாகி, பின்னர் அறவே மறைகின்றன.

இம்மலையின் அடிவாரத்தில் அமைந்ததே பிராங்கோனியா கணவாய். அங்குள்ள மாநிலப் பூங்காவில் தொடங்கி, மலையேறிச் சுற்றி, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும் நடைபாதை ஒன்று புகழ் பெற்றது. அதன் நீளம் ஒன்பது மைலுக்குச் சிறிது குறைவு. ஆனால் அதற்குள் நான்காயிரம் அடிக்குச் சற்றுக் குறைவாக ஏறியாக வேண்டும். முதலில் அருவிகளின் ஓரமாகச் செங்குத்தாகப் பாதை செல்கிறது. 80 அடி உயரத்திலிருந்து வீழும் மேகநாட்டு அருவியைக் கடந்ததும் காடு மெலிகிறது. பிறகு லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லாஃபயட் என்னும் மூன்று சிகரங்களை இணைக்கும் வெற்று முகடு. இருபுறமும் பள்ளம், தலைக்குமேல் வானம். 1.7 மைல் தூரம் ஒதுங்குவதற்கு ஒரு நிழல் கிடையாது. கோடையிலும் திடீரெனப் புயல் எழும். குளிர்காலத்தில் இம்முகட்டில் வழி தவறி உயிர் துறந்தோரும் உண்டு. இறங்கும் வழிக்குப் ‘பழைய குதிரைப்பாதை’ என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணிகள் குதிரையேறி உச்சிக்குச் சென்ற தடம் அது. உச்சியில் அக்காலத்தில் கட்டிய சிறு விடுதியின் கல் அடித்தளம் இன்றும் காணக் கிடக்கிறது.

இப்பாதை இன்று பொதுமக்களுக்கு உரியதாக இருக்கிறதே, அது எவ்வாறு நேர்ந்தது? அதைச் சொல்லவே வந்தேன்.

கணவாயின் மறுபுறத்தில், செங்குத்தான பாறையின் விளிம்பில், மனித முகம் போன்ற ஓர் இயற்கை அமைப்பு இருந்தது. ‘மலைக் கிழவர்’ என்று அதனை அழைத்தனர். ஐந்து பாறைத் தட்டுகள் சேர்ந்து நெற்றியும் மூக்கும் மோவாயுமாகத் தோன்றின. நதானியேல் ஹாதர்ன் 1850இல் அதை வைத்துக் கதை எழுதினார். அம்முகத்தைக் காண வந்தோருக்காகப் பெரிய விடுதி ஒன்றும் எழுந்தது. 1923ஆம் ஆண்டு அவ்விடுதி தீக்கு இரையாயிற்று. உரிமையாளர்கள் அதனைத் திரும்பக் கட்டவில்லை; சுமார் 6,000 ஏக்கர் காட்டை விற்க முனைந்தனர்.

காட்டை வாங்க மரவியாபாரிகள் இருந்தனர். அவர்கள் வாங்கினால் என்ன ஆகும் என்று அவ்வூரார்க்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகட்டின் கிழக்குப் பக்கத்தில் ரயில் பாதை போட்டு மரம் வெட்டியதையும், வெட்டிப் போட்ட கிளைகளில் தீப்பற்றி 1907இல் மலைச்சரிவுகள் எரிந்ததையும் அவர்கள் கண்டிருந்தனர்.

விலை நான்கு லட்சம் டாலர். 1925இல் மாநிலச் சட்டமன்றம் பாதித் தொகையான இரண்டு லட்சத்தை ஒதுக்கியது. ஜேம்ஸ் ஸ்டாரோ என்னும் செல்வரின் அறநிதியிலிருந்து ஒரு லட்சம் கிடைத்தது. எஞ்சிய ஒரு லட்சத்திற்கு எங்கே போவது? காடு காக்கும் சங்கத்தாரும் மாநில மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பும் மக்களிடம் சென்றனர். ‘ஒரு டாலர் கொடுங்கள், ஒரு மரம் உங்களுடையது’ என்றனர். விந்தையான வாணிபம் அன்றோ இது! வாங்கியவர் மரத்தை வெட்டவும் கூடாது, வீட்டிற்குக் கொண்டு செல்லவும் கூடாது. அது எங்கே நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 15,000 பேர் பணம் தந்தனர். ஒரு செல்வர் முழுத்தொகையையும் கொடுத்திருந்தால் காரியம் எளிதில் முடிந்திருக்கும்; ஆனால் கணவாய் ‘நம்முடையது’ என்று சொல்வோர் இத்துணைப் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. 1928இல் நிலம் மாநிலத்தின் கைக்கு வந்தது. போர்களில் பணியாற்றிய அம்மாநிலத்தாரின் நினைவாக அவ்வாண்டு செப்டம்பரில் அதனை அர்ப்பணித்தனர்.

அந்த உரிமை உணர்ச்சி பின்னரும் வேலை செய்தது. கணவாயின் ஊடே அகன்ற நெடுஞ்சாலை போட அரசு எண்ணியபோது எதிர்ப்பு மூண்டது. வெடிவைத்தால் கிழவர் முகம் உதிர்ந்துவிடும் என்றும் பலர் அஞ்சினர். நெடுநாள் வழக்காடியபின், 1988இல் குறுகிய சாலையே முடிவுபெற்றது. ஆனால் கிழவரைக் காக்க முடியவில்லை. 1916 முதலே இரும்புக் கம்பிகளால் பாறைகளைப் பிணைத்து வந்தும், 2003 மே 3ஆம் நாள் அம்முகம் சரிந்து விழுந்தது. பனியும் நீரும் விரிசல்களில் புகுந்து செய்த வேலை அது.

முகட்டிற்கு வந்த ஆபத்தோ வேறு வகையினது. கோடரிக்குத் தப்பிய மலை, தன்னைக் காண வந்தோரின் காலடிக்குத் தப்பவில்லை. மரமற்ற உயரத்தில் வளரும் செடிகள் விரலளவே உயர்பவை. பனியையும் காற்றையும் தாங்குவன, ஒரு காலணியின் மிதியைத் தாங்கமாட்டா. 1970களில் பாதையின் இருமருங்கும் கற்களை அடுக்கித் தாழ்ந்த சுவர் எழுப்பலாயினர். கை வாட்டர்மன், லாரா வாட்டர்மன் என்னும் தம்பதியர் அவ்வேலையை ஏற்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முகட்டைப் பேணினர். சரிந்த கல்லை எடுத்து வைப்பதும், வழிப்போக்கரிடம் பாறைமேல் நடக்குமாறு பணிவுடன் சொல்வதுமே அவர்கள் பணி. வெள்ளை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத ‘ராபின்ஸ் சின்க்ஃபாயில்’ என்னும் சிறு மஞ்சட்பூச் செடியை இம்முகட்டில் மீண்டும் நட்டனர். 1980இல் அழியும் உயிர்களின் பட்டியலில் இடம்பெற்ற அச்செடியை, அது பிழைத்துவிட்டதெனக் கண்டு, 2002இல் நீக்கினர்.

இப்பொழுது நல்ல பருவத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் இவ்வழியே ஏறுகின்றனர். அருவிப் பாதையின் மண் கரைந்து வேர்கள் வெளிப்பட்டுவிட்டன. ஆதலால் அண்மை ஆண்டுகளில் கருங்கற்களை உடைத்து உருட்டி, படிக்கட்டாகப் பதிக்கும் பணியை மேற்கொண்டுள்ளனர். படி ஒவ்வொன்றும் ஆட்கள் கூடி நெம்புகோலால் நகர்த்த வேண்டிய பாறை.