வியன்னாவில் கை கழுவச் சொன்ன மருத்துவர்

மருத்துவமனைக்கு வந்தவர் அங்கே புதிதாக ஒரு நோயை வாங்கிக்கொண்டு போகக்கூடாது என்பதைக் கவனிப்பதற்கென்றே இன்று பெரிய மருத்துவமனைகளில் தனி அலுவலர்கள் இருக்கின்றனர். அத்தகைய பதவியே இல்லாத நாளில் அப்பணியைத் தலைமேற்கொண்டவர் ஹங்கேரி நாட்டவரான இக்னாஸ் செம்மல்வைஸ். அவரைப் பற்றி இங்குச் சில வரிகள் எழுத விழைகிறோம்.

1846-ல் அவர் வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவராக அமர்ந்தார். அங்கு இரு பிரிவுகள்: முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர், இரண்டாவதில் மருத்துவச்சிகள். அவ்வாண்டில் முதற்பிரிவில் 4,010 தாய்மாரில் 459 பேர் மாண்டனர். இரண்டாவதில் 3,754 பேரில் 105 பேர். பிரசவ ஜன்னியே பெருங் காரணம். ஊராரும் இதை அறிந்திருந்தனர். முதற்பிரிவின் முறைநாளில் வந்து சேர்ந்த பெண்கள் மண்டியிட்டு, மற்றப் பிரிவுக்கு அனுப்பும்படி கெஞ்சினார்களாம்.

இரு பிரிவுகளுக்கும் உள்ள வேற்றுமைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். அவற்றுள் ஒன்று நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். சாகுந்தறுவாயில் இருப்பவருக்கு அவஸ்தை நன்மை கொண்டுவரும் குருவானவர், கட்டட அமைப்பின் காரணமாக, முதற்பிரிவில் ஐந்து அறைகளைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. முன்னே ஒருவர் மணியடித்துச் செல்வார். இரண்டாம் பிரிவிலோ நேரே நோயாளியிடம் போகலாம். மணியோசை தரும் அச்சமே நோயை வரவழைக்கிறதோ என்று ஐயுற்ற செம்மல்வைஸ், மணியின்றிச் சுற்றுவழியாக வரும்படி குருவைக் கேட்டுக்கொண்டார், அவரும் இணங்கினார். சாவு குறையவில்லை. அம்மணி அதற்கு முன் எத்தனை முறை அங்கே ஒலித்திருக்கும் என்று எண்ணும்போது நமக்கே நெஞ்சு நடுங்குகிறது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொல்லெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி விரலில் பட்டு, அதனால் இறந்தார். அவர் உடலில் கண்ட மாறுதல்கள் இறந்த தாய்மாரிடம் கண்டவையே. மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தவர்கள் மாணவர்களும் மருத்துவர்களுமே. செம்மல்வைஸும் அவர்களில் ஒருவர். சோப்புப் போட்டுக் கழுவியும் அக்கைகளில் பிணவாடை போகவில்லை. நாம் கிணற்றிலிடும் பிளீச்சிங் பவுடர் போன்ற குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடக்கூடாது என்று மே மாத நடுவில் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் 18 பேருக்கு மேல் இறந்திருந்தனர். 1848 முழுவதிலும் நூற்றுக்கு 1.27 பேரே.

"உன் கையே கொன்றது" என்று கேட்க எந்த மருத்துவர் விரும்புவார்? கிருமிகளைப் பற்றிய அறிவும் அன்று பரவவில்லை. செம்மல்வைஸும் நெடுங்காலம் எழுதாமலிருந்து, 1861-ல்தான் தம் நூலை வெளியிட்டார். பின்னர் எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்றே பகிரங்கக் கடிதங்களில் சாடினார். இதை அவருடைய குறையென்றே கருதுகிறோம். ஏசினால் எவரும் கை கழுவ வருவதில்லை.

வியன்னாவில் 1849-ல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. தாயகம் திரும்பி, பெஸ்ட் நகரில் கொள்ளைநோய்க்குப் பாதுகாவலரான புனித ரோக்கு பெயர்கொண்ட மருத்துவமனையில் 1851 முதல் ஆறாண்டுகள் பணியாற்றினார். அங்கு 933 பிரசவங்களில் பிரசவ ஜன்னியால் இறந்தவர்கள் 8 பேர்.

1865-ல் மனநிலை குன்றி, வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். இரு வாரங்களில், புரையோடிய காயத்தால் இரத்தம் நஞ்சாகி, 47-ஆம் வயதில் காலமானார்.