மரியா படித்த காகிதம்

யோசெஃப் க்ராஸ் ஒரு அலுவலகத்தின் நிர்வாக இயக்குநர். காலையில் வருகிறார், மேசையில் கிடக்கும் தபால்களைப் புரட்டுகிறார், ஒரு காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்கிறார். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அவருக்கும்தான்.

வாட்ஸ்லாவ் ஹாவெலின் 'தி மெமோரண்டம்' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1965 ஜூலையில், கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் ப்ராகில், 'நா ஸாப்ரட்லி' என்ற சின்ன அரங்கில் முதலில் மேடையேறியது. சிம்மாசனம், வாள், கிரீடம் என்று அரசியல் நாடகங்களுக்கு எத்தனையோ மேடைப்பொருட்கள் உண்டு. இந்த நாடகத்தைச் சுமப்பது ஒரே ஒரு தாள்.

அந்தச் சிக்கனம் சும்மா வரவில்லை என்று நினைக்கிறேன். ஹாவெல் நாடகத்துக்குள் நுழைந்ததே சாமான் தூக்கித்தான். வசதியான குடும்பத்துப் பையன் என்பதால் புதிய ஆட்சியில் கலைப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சேர்ந்து, பாதியில் விட்டு, ராணுவச் சேவை முடித்து, 1959-ல் ஒரு அரங்கில் மேடைப் பணியாளரானார். அடுத்த வருஷம் அதே வேலைக்கு ஸாப்ரட்லிக்கு வந்தார். எந்தச் சாமான் மேடையில் உயிரோடு இருக்கும், எது வெறும் பாரம் என்பது தூக்கியவருக்குத் தெரியாதா என்ன?

காகிதம் எழுதப்பட்டிருக்கும் மொழியின் பெயர் ப்டிடெபே. துணை இயக்குநர் பலாஷ், க்ராஸுக்குத் தெரியாமலே அலுவலகத்தில் புகுத்திய செயற்கை மொழி. பெயரைச் சூட்டியவர் ஹாவெலின் தம்பி இவான். பின்னாளில் கணினி அறிவியல் ஆய்வாளர் ஆனவர். முதல் தடவை படித்தபோது இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இயல்பான மொழிகளில் சொற்கள் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பம் வருகிறது. ஆகவே ஒரே நீளமுள்ள எந்த இரண்டு சொற்களும் குறைந்தது 60 சதவீத எழுத்துக்களில் வேறுபட வேண்டும். இது ரிச்சர்ட் ஹேமிங் 1950-ல் எழுதிய பிழைதிருத்தக் குறியீடுகளின் தர்க்கமேதான்! காலேஜில் மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கிய விஷயம். ஹாவெல் அதை மனுஷங்க பேசுகிற மொழியின் தலையில் கட்டுகிறார். விளைவு, வோம்பேட் என்ற ஆஸ்திரேலிய விலங்கைக் குறிக்கும் ப்டிடெபேச் சொல்லுக்கு 319 எழுத்துக்கள்.

ஆனால் க்ராஸின் நிஜப் பிரச்சினை மொழி கஷ்டம் என்பது கிடையாது. மொழிபெயர்ப்பு மையம் பக்கத்து அறைதான். அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்கிறார், அவர் மூன்றாமவரைக் கை காட்டுகிறார். கடைசியில் விதி இப்படி வந்து நிற்கிறது: ப்டிடெபேயில் குறிப்பாணை வந்த ஊழியருக்கு, அந்தக் குறிப்பாணை மொழிபெயர்க்கப்பட்ட பிறகுதான் மொழிபெயர்ப்புக்கு அனுமதி தர முடியும். எங்கள் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். நாங்களாவது ப்ராசஸை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடுவோம். க்ராஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். நடுவில் பதவி போகிறது. சுவரில் இருக்கும் இடுக்கு வழியாக ஊழியர்களை வேவு பார்க்கும் வேலைவரைக்கும் இறங்குகிறார்.

அப்புறம் மரியா. மையத்தில் காரியதரிசியாக இருக்கும் இளம்பெண். அவளுக்கு மொழி தெரியும், அனுமதி இல்லை. இந்த மனிதரைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது. காகிதத்தை வாங்கிப் படித்துச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். நாடகம் பூராவும் முடியாமல் கிடந்த காரியம், ஒருத்தி மனசு வைத்ததும் சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

அதில் இருப்பது க்ராஸுக்குப் பாராட்டு. ப்டிடெபே கேடானது, உடனே ஒழியுங்கள் என்று உத்தரவு. முதல் காட்சியிலிருந்தே அந்தத் தாள் அவர் பக்கம்தான் இருந்திருக்கிறது.

இந்த நாடகத்தை வழக்கமாக வாசிக்கும் விதம் ஒன்று உண்டு: ப்டிடெபே என்பது கட்சியின் வறட்டு மொழி, காகிதம் என்பது மனிதனை நசுக்கும் அதிகாரம். தப்பில்லை. 1968-ல் நியூயார்க்கில் ஜோசப் பாப்பின் பப்ளிக் தியேட்டரில் இது நடந்தபோது ஹாவெல் நேரில் போய்ப் பார்த்தார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ப்ராகுக்குள் வந்தன. அதன்பின் சொந்த நாட்டு மேடைகளில் அவர் நாடகங்களுக்கு இடமில்லாமல் போனது. அந்த வரலாறு தெரிந்தவர்கள் காகிதத்தில் வேறு எதைப் பார்ப்பார்கள்?

ஆனால் பழைய மேடைப் பணியாளர் அந்தப் பொருளைக் கைவிடவில்லை. 1978-ல் எழுதிய 'அதிகாரமற்றவர்களின் அதிகாரம்' கட்டுரையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொல்லும் அட்டையைக் கடை ஜன்னலில், வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே வைக்கிறார். அதுவும் எழுத்துள்ள ஒரு மேடைப்பொருள்தான். முன்னதை யாராலும் படிக்க முடியவில்லை. இதை எல்லோராலும் படிக்க முடியும், ஒருவரும் படிப்பதில்லை. கடைக்காரர் ஒருநாள் அட்டையை வைக்க மறுத்தால் என்னவெல்லாம் இழப்பார் என்று ஹாவெல் வரிசையாக யோசிக்கிறார். அடுத்த வருஷமே அவர் கைதானார். 1983 வரை சிறை.

அதைப் படித்துவிட்டு நாடகத்துக்குத் திரும்பினால், என் கண் காகிதத்தை விட்டு மரியா மேல் போய் நிற்கிறது. விலை கொடுத்தது அவள்தான். க்ராஸ் தாளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதவியைத் திரும்பப் பிடிக்கிறார். பலாஷ் அழகாகத் தவறை ஒப்புக்கொண்டு மறுபடி துணை இயக்குநராகவே தொடர்கிறார். சொற்களெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் கோருகோர் என்று வேறொரு மொழி வருகிறது. அனுமதியில்லாமல் மொழிபெயர்த்ததற்காக மரியாவுக்கு வேலை போகிறது. காப்பாற்றச் சொல்லி க்ராஸிடம் வருகிறாள். அவர் நீளமாகப் பேசுகிறார். நவீன மனிதன் தன்னிடமிருந்தே அந்நியமாகிவிட்டான் என்கிறார். இப்போது தலையிட்டால் தன் பதவி ஆட்டம் காணும், மிச்சமிருக்கும் நல்லதையும் காப்பாற்ற முடியாது என்கிறார். இதுவரை தன்னிடம் இவ்வளவு இனிமையாக யாரும் பேசியதில்லை என்று மரியா சொல்கிறாள். ஆபீஸே கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பாட்டுக்கு ஊர்வலம் போகிறது. க்ராஸும் போகிறார்.

நான் இந்த நாடகத்தை முதலில் ஒரு நகைச்சுவையாகத்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் முன்னால், ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு ஆபீஸில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு. மேலிடத்திலிருந்து ஒரு மெயில். 'சீரமைப்பு', 'ஒத்திசைவு', 'புதிய பயணம்'. நாலு பத்தி, நான் இருக்கேனா இல்லையான்னு மட்டும் தெரியல. அப்போது எங்கள் டீமில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஒரு பெண், அந்த ஷீட்டைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தவள், பேன்ட்ரியில் காபி எடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "உங்க பேரு இல்லண்ணா. நிம்மதியா தூங்குங்க."

தூங்கினேன். இரண்டு வாரத்தில், ரகசியத் தகவலைக் கசியவிட்டாள் என்று அவளை அனுப்பினார்கள். யாரிடம் சொன்னாள் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்காக நீங்க ஒரு வார்த்தை பேச முடியுமான்னு வாட்ஸ்அப்பில் கேட்டாள். நான் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதினேன். சந்தை நிலைமை, இந்தத் துறையே மனிதர்களை எண்களாகப் பார்ப்பது, நான் இப்போது வாயைத் திறந்தால் டீமில் மிச்சமிருக்கும் ஜூனியர்களுக்கும் பாதகம், அவளுடைய திறமைக்கு எங்கேயும் வேலை கிடைக்கும். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன்.

போன மாதம் ஃபோன் மாற்றியபோது பழைய உரையாடல்களும் கூடவே வந்தன. என் செய்தி திரையில் அடங்கவில்லை, 'மேலும் படிக்க' என்று கேட்கிறது. அதற்குக் கீழே அவள் பதில்: "ஓகே ண்ணா. தேங்க்ஸ்."